முசுக்கொட்டை ஞாயிறு

பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைக்கு முதல் தடவை போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். இலையைப் பார், தட்டைப் பார், காற்றோட்டத்தைப் பார் என்று உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். படிக்காவிட்டாலும் படித்ததாகத்தான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பியும் கொடுத்துவிட்டீர்கள், ஆகவே புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். புழு செத்தால், எந்தக் கிழமையில் செத்தது என்று கேளுங்கள்.

சிரிக்கிறீர்கள். ராகுகாலம் பார்க்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். இது முதல் உலகச் சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. நான் விவசாய இலாகாவில் சேர்ந்த புதிது. கோட்டும் தலைப்பாகையும் என்னைவிட முன்னால் நடந்த காலம் அது. எனக்கு மேலே இருந்த அதிகாரி அதிகம் பேசாதவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்துல ஒரு மிஷன் கொட்டகை இருக்கு. ஒவ்வொரு தடவையும் புழு நல்லா வளந்து, கூடு கட்டுத நேரத்துல செத்துப்போவுது. கமிட்டி மூடிரலாம்னு பாக்குது. மூடலாமா வேண்டாமான்னு நம்மகிட்ட கேட்டிருக்காங்க. போய்ப் பாரும். பாக்குததுக்கு முந்திப் பேசாதீரும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை ரயிலிலேயே மறந்துவிட்டேன்.

கொட்டகையை நடத்தியவர் எஸ்தர் அம்மாள். கணவனை இழந்த பெண்களுக்காக மிஷன் வைத்திருந்த விடுதிக்கு அவர்தான் தலைவி. அவரும் கணவனை இழந்தவர். நெட்டையான உருவம், வெள்ளைச் சேலை. பேச்சிலும் நடையிலும் அவசரமே கிடையாது. விடுதிப் பெண்கள்தான் முசுக்கொட்டைச் செடி வைத்து, இலை பறித்து, புழு வளர்த்தார்கள். கொட்டகை மூடினால் விடுதியும் மூடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்களுக்கு இருந்த ஒரே வழி, கங்காணியின் பின்னால் மலைத்தோட்டத்துக்கு ஏறுவது. அவர்களில் சிலர் அங்கிருந்து தப்பித்து வந்தவர்கள். இதையெல்லாம் எஸ்தர் அம்மாள் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. அவர் எதையும் கெஞ்சிக் கேட்கிறவர் இல்லை.

கொட்டகையைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. குறை கண்டுபிடிக்க வந்தவனுக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. தட்டுகள் பளிச்சென்று இருந்தன. எறும்பு ஏறாமல் தாங்குகால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. நம் சர்க்கார் பண்ணையில்கூட அவ்வளவு சுத்தம் இல்லை. சும்மா திரும்பிப் போக மனம் வராமல், பட்டுப்புழுவுக்கு வாசனையும் புகையும் ஆகாது என்று படித்ததை வைத்து ஆரம்பித்தேன்.

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீர்களோ?"

"சாம்பிராணியா?" என்றார் எஸ்தர் அம்மாள். "நாங்க வேதக்காரங்க ஐயா. எங்க கோயில்ல ஊதுவத்திகூடக் கெடையாது." அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள், சர்ச்சைக் கோயில் என்பார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது உபதேசியார். அந்த ஊர்க் கோயிலில் வாரம்தோறும் ஆராதனை நடத்துகிறவர். குண்டான, சந்தோஷமான மனிதர். அவர் மூக்குப்பொடி போடுகிறவர் என்பதால், கொட்டகை வாசலைத் தாண்ட எஸ்தர் அம்மாள் அவரை விட்டதே இல்லை. புகையிலை வாடை பட்டாலே புழு சுருண்டுவிடும். ஆகவே அவர் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். நான் பார்த்த நாளெல்லாம் அந்த ஜன்னலில் அவர் முகம் இருந்தது.

சில நாள் அங்கேயே தங்கினேன். புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. புதியவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: பட்டுப்புழு தன் வாழ்நாளில் நான்கு தடவை தோல் உரிக்கும். அதற்கு முன் தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, அசையாமல் கிடக்கும். நாம் அதைத் தூக்கம் என்கிறோம். நான்காவது தூக்கம் முடிந்து எழுந்தால் பேய்ப்பசி. ஏறக்குறைய ஒரு வாரம் தின்றுகொண்டே இருக்கும்; அப்புறம் பழுத்து, கூடு கட்டும். வாழ்நாள் முழுக்கத் தின்னும் இலையில் பெரும்பங்கை அந்த ஒரு வாரத்தில் தின்றுவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் விஷயம் பிடிபட்டது. பெண்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இலை பறித்து வந்து, ஒரு சின்ன அறையில் இடுப்புயரத்துக்குக் குவித்து, ஈரச் சாக்கால் மூடினார்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"நாளைக்கு ஓய்வுநாள்லா?" என்றார் எஸ்தர் அம்மாள். "நாளைக்குப் பறிக்க மாட்டோம். அதான் இன்னைக்கே சேத்துப் பறிச்சிட்டோம்."

"அப்படியானால் நாளைக்கு யார் தீனி போடுவது?"

"போடுவோமே. ஆடுமாடு வச்சிருக்கவன் ஞாயித்துக்கிழம தீனி போடாம பட்டினியா போடுதான்? உசிருள்ளதப் பாக்குதது வேலையில்ல. தோட்டத்துல போய்ப் பறிக்குததுதான் வேலை."

நான் அந்தக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். சோறு வடித்த பானைபோலச் சுட்டது. பறித்த கொஞ்ச நேரத்துக்குள்ளேயே இப்படி என்றால், ஞாயிறு சாயங்காலம் அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெந்த இலையைத் தின்ற புழு திங்கட்கிழமை வாடும், செவ்வாய்க்கிழமை கறுத்துப்போகும். புழு சின்னதாக இருக்கும்போது கொஞ்சமாகப் பறித்து மூடி வைத்தார்கள், சூடு ஏறவில்லை. கடைசி வாரத்தில்தான் மலைபோலக் குவித்தார்கள். ஒவ்வொரு தடவையும் சாவு அந்த வாரத்தில் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதிகாரி சொன்னது ஞாபகம் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

"இவ்வளவுதானே! இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் இலை பறியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.

பெண்கள் கை நின்றது. ஜன்னலில் இருந்த முகம்கூடச் சிரிக்கவில்லை. எஸ்தர் அம்மாள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு விஷயம் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, பையச் சொன்னார்.

"ஐயா, நாங்க வேதத்துக்கு வந்தப்ப ஊர்க் கெணத்துல தண்ணி எடுக்க விடல. எங்க அப்பாவ வயக்காட்டுல வச்சு அடிச்சாங்க. விட்டுட்டு வா, கெணறும் உண்டு வயலும் உண்டுன்னாங்க. அப்பவே விட்டுக்குடுக்கல. இப்பப் புழுவுக்காவ விட்டுக்குடுக்கவா?"

"வேறு ஆட்களைக் கூலிக்கு வைத்துப் பறிக்கச் சொன்னால்?"

"எனக்குப் பாவம்னு தெரிஞ்சத இன்னொருத்தன் தலையில ஏத்துததா?"

அன்று எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. மூடலாம் என்று எழுதிவிட்டு ரயிலேறுவது ஒன்று. சர்க்கார் உத்தரவு என்று மிரட்டுவது இன்னொன்று; கோட்டும் தலைப்பாகையும் அதற்குத்தான் துடித்தன. இரண்டையும் செய்யாமல் இருந்ததற்கு என் பெருந்தன்மை காரணமில்லை. அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மாற்ற முடியாதென்றால் வேறு எதை மாற்றலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த வளர்ப்பும் செவ்வாய்க்கிழமை செத்தது. தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அம்மாள் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "தூங்கும்போதுதான் இதுவளப் பாக்க அழகு. தலையத் தூக்கிக்கிட்டு, ஜெபம் பண்ணுத மாதிரி."

நான் துள்ளி எழுந்தேன். தூங்குகிற புழுவுக்கு இலை எதற்கு? நான்காவது தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமையில் விழ வைத்துவிட்டால், திங்கட்கிழமை எழுந்து, வாரம் முழுக்கப் புது இலை தின்று, அடுத்த ஞாயிறு வரும்போது கூடு கட்டப் போய்விடும். முட்டை கொள்ளேகாலத்திலிருந்து தபாலில் வரும். எந்தக் கிழமை பொரிய வேண்டும் என்று கணக்குப் பார்த்து வரவழைத்தால் போதும்.

"புழுவையும் ஓய்வுநாளு ஆசரிக்க வைக்கப் பாக்குதீரு! நீரு உபதேசியாரா, நான் உபதேசியாரா, வே?" என்றார் ஜன்னலிலிருந்து உபதேசியார்.

அதிகாரி இன்னும் ஒரே ஒரு வளர்ப்புக்கு கமிட்டியிடம் தவணை வாங்கிக் கொடுத்தார். அதுவும் போனால் மூடுவதுதான் என்று முடிவாயிற்று. கமிட்டியிலிருந்து வெள்ளைக்காரத் துரை ஒருவர், கூடு கட்டும் வாரத்துச் செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நானும் வளர்ப்பின் கடைசிக் காலத்தில் அங்கே போய் இருந்தேன்.

கணக்கு பிசகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாத் தட்டிலும் எல்லாப் புழுவும் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தன. உபதேசியார் ஆராதனையில் சபைக்கு அறிவித்தார்: "நம்ம பட்டுப்புழுக்களும் இன்னைக்கு ஜெபத்துல இருக்குதுவ." கோயிலே சிரித்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எனக்குப் பதவி உயர்வு எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் இறங்கியது.

நெல்லைச் சீமையில் சாரல் என்றால் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். எனக்கும் முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள்தான் உறைத்தது: குளிர்ந்தால் புழு மெதுவாக வளரும். சனிக்கிழமை மதியம் பழுத்திருக்க வேண்டிய புழுக்கள் இன்னும் தின்றுகொண்டிருந்தன. பழுத்த புழுவின் கழுத்தில் தெரிகிற மஞ்சள் ஒளி ஒன்றில்கூட இல்லை. திங்கட்கிழமைதான் பழுக்கும். அப்படியானால் வாழ்நாளிலேயே அதிகம் தின்னும் நாள் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. போதாக்குறைக்கு இலையெல்லாம் ஈரம். ஈர இலையைத் தின்றாலும் புழு செத்துப்போகும்.

எஸ்தர் அம்மாள் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. விட்டுக்கொடுக்கவும் மாட்டார், விட்டுவிடவும் அவரால் முடியாது. பின்னால் அந்தப் பெண்கள் நின்றார்கள்.

நான் அவசரமாக யோசித்தேன். இலை சூடேறுவது குவிப்பதால். குவிக்காமல் பரப்பினால் வாடிவிடும். இலையாகப் பறித்தால்தானே இந்தக் கஷ்டம்?

"இலையைப் பறிக்க வேண்டாம் அம்மா, கிளையாக வெட்டுவோம். எல்லாவற்றையும், இன்றைக்கே" என்றேன்.

"பூவ வைக்குத மாதிரித் தண்ணியில நிறுத்தி வைக்கலாம்" என்றார் அவர் உடனே. பிறகு, "மொத்தத்தையும் வெட்டிட்டா, திங்கக்கெழமையும் புழு பழுக்கலன்னா என்ன செய்ய?"

"ஒன்றும் செய்ய முடியாது. தோட்டத்தில் ஓர் இலை இருக்காது."

அவர் என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "வெட்டுவோம்" என்றார்.

விடுதியிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த குடம், அண்டா, தவலை எல்லாம் வந்தன. வைக்க இடம்தான் இல்லை. சாரல் படாத, குளிர்ந்த, பெரிய இடம் அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது.

"கோயில்ல வைங்க. தளம் பூராவும் கல்லு, சில்லுன்னு கெடக்கும்" என்றார் உபதேசியார்.

எஸ்தர் அம்மாள் அவர்முன் கையை நீட்டினார். "அப்ப அந்தப் பொடி டப்பிய இங்கன குடுங்க. நாளைக்கு ஆராதனை முடியுத மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

மனிதர் பாவம், சொத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி எடுத்துக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் தோட்டம் மொட்டையாகி, கோயில் பச்சையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, செவ்வாய்க்கிழமை வர வேண்டிய துரை வந்து நின்றார். பக்கத்து ஊரில் தங்கியிருந்தாராம். ஆராதனையை இங்கே நடத்தலாம் என்று புறப்பட்டிருக்கிறார். ஓய்வுநாளில் வண்டி ஏறாதவர், ஆகவே சாரலில் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். எஸ்தர் அம்மாளுக்குச் சற்றும் சளைக்காத ஆள் என்று அப்போதே தெரிந்தது.

கோயிலுக்குள் காலெடுத்து வைத்தவர் அப்படியே நின்றார். இரண்டு பக்கமும் சுவரோரம், பீடத்தைச் சுற்றி, குடம் குடமாக முசுக்கொட்டைக் கிளை. முந்தைய நாள் ஈரமெல்லாம் காய்ந்து, இலை ஒவ்வொன்றும் மினுமினுவென்று இருந்தது. துரையின் முகம் மலர்ந்தது.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை என்று வைத்து, தோட்டத்தில் முதலில் வெட்டிய வாழைக்குலை, முதல் தேங்காய், முதல் நெல் என்று கோயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்துவிட்டால் அது கோயிலுடையது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. துரை அதைத்தான் நினைத்துக்கொண்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கண்ணை மூடி, தம்முடைய கணீரென்ற அச்சுத் தமிழில் ஜெபித்தார்: "இந்த எளிய ஸ்திரீகள் தங்கள் தோட்டம் முழுவதையும் உம்முடைய சமுகத்தில் காணிக்கையாக வைத்திருக்கிறார்களே! இதை ஏற்றுக்கொள்ளும்."

"ஆமென்" என்று சபை சொன்னது. எஸ்தர் அம்மாளின் வாய் மட்டும் அசையவில்லை.

உபதேசியார் என் காதில் வந்து, "போச்சுவே. காணிக்கையாக்கிட்டாரு. இனி ஒரு இலை வெளிய போவாது" என்றார்.

நான் எழுந்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னால் துரைக்கு விளங்கிவிடும். ஆனால் அது அவரைச் சபை நடுவில் வெட்கப்பட வைக்கும். எஸ்தர் அம்மாள் கோயிலைச் சரக்குக் கிட்டங்கியாக்கிவிட்டார் என்றும் ஆகிவிடும். ஒரு தடவை வாயைத் திறந்து பட்டது போதும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த உத்தியோகத்தில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்ததும் ஒன்று.

ஆராதனை முடிந்தது. எஸ்தர் அம்மாள் எழுந்து முன்னால் போய் நின்றார்.

"துரை, இந்தத் தழையக் குடுத்தாச்சு. திருப்பிக் கேக்கல. ஆனா இதத் திங்குத புழு பக்கத்துல பட்டினி கெடக்கு. அதையும் இப்ப வச்சிருதேன். இந்தத் தடவ வார கூடு பூராவும் கோயிலுக்கு. ஆண்டவரு தழைய அவரு புழு திங்கட்டும்."

துரைக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு தலையசைத்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல், பெண்கள் ஆளுக்கொரு கட்டுக் கிளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். சாரல் விட்டிருந்தது. துரையும் குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

கிளைகளைத் தட்டின்மேல் அப்படியே படுக்க வைத்தோம். காலையிலிருந்து ஒன்றும் கிடைக்காத புழுக்கள் ஏறிக்கொண்டு தின்ன ஆரம்பித்தன. ஓலைமேல் மழை பெய்வதுபோன்ற அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். துரை கேட்டதில்லை. வாசலுக்குப் போய்க் குடையை விரித்தார், வானத்தைப் பார்த்தார், மழை இல்லை. திரும்பி வந்து, முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "ஓய்வுநாளில் இங்கே இத்தனை சத்தத்தோடு வேலை செய்வது யார்?" என்று கேட்டார்.

எஸ்தர் அம்மாள் தட்டைப் பார்த்தார், துரையைப் பார்த்தார்.

"புழுதான் துரை. போன ஞாயித்துக்கிழம ஜெபத்துல இருந்ததுவ. இந்த வாரம் விசுவாசத்துல பின்வாங்கிட்டுதுவ."

ஜன்னலுக்கு வெளியே உபதேசியார்தான் முதலில் வெடித்தார். துரை ஒரு நிமிஷம் புரியாமல் விழித்தார். புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் குடை கையை விட்டு விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. ஒரு பெண்ணின் கையிலிருந்த கிளையை வாங்கி, தாமே ஒரு தட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. மதியத்துக்குள் புழுக்களின் கழுத்தில் மஞ்சள் ஏறிவிட்டது. தோட்டத்தில் ஓர் இலை இல்லை, இனித் தேவையும் இல்லை. கூடு கட்டுவதற்காக மூங்கில் தட்டிகளில் எடுத்து விட்டோம். செவ்வாய்க்கிழமை துரையோடு மற்றக் கமிட்டிக்காரர்களும் வந்து பார்த்தபோது தட்டிகள் நூல் படர்ந்து மஞ்சளாக இருந்தன. மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை, துரை எடுக்க விடவும் இல்லை. விடுதிப் பெண்கள் யாரும் மலைத்தோட்டத்துக்குப் போகவில்லை. அந்தத் தடவைக் கூடு எல்லாவற்றையும் எஸ்தர் அம்மாள் சொன்னபடியே கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் ரயிலுக்குப் புறப்பட்டபோது வண்டி வரைக்கும் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து, அடக்கமாகப் பதில் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அன்றுதான் முதல்முதலாகத் தம்பி என்றார்.

"தம்பி, ஓய்வுநாள்ல ஒரு இலை பறிக்கல, பாத்தீயளா?"